சோறு வடிக்கும்வரை நின்ற பிஸ்கால்

நடேசண்ணை காலமான செய்தி வந்தபோது, அச்சுவேலியில் என் சொந்த வீட்டுப் படலைக்கு வெளியே அந்நியர் போல நின்றுகொண்டிருந்தேன். கைபேசியில் கதைத்தவர் அவருடைய மருமகன். இரவு நித்திரையிலேயே போய்விட்டாராம். மத்தியானத்துக்கு முன்னம் கொழும்புத்துறை வீட்டிலிருந்து எடுக்கிறார்களாம். "மாமா உங்களை எப்பவும் விசாரிக்கிறவர்" என்றார். விசாரிக்காமல் இருப்பாரா? நான் அந்தப் படலைக்கு வெளியே நிற்பதற்கே அவர்தானே காரணம்!

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நடேசண்ணை நீதிமன்றத்தில் பிஸ்காலாக இருந்தவர். அழைப்பாணை கொண்டுபோய்க் கொடுப்பதும், தீர்ப்பு வந்தபின் வீட்டையோ காணியையோ வென்றவர் கையில் ஒப்படைப்பதும் அவர் வேலை. பதிவறையில் அவருக்கு எதிர்மேசை என்னுடையது. ஒல்லாந்தர் விட்டுப்போன பதவி அது என்று பெருமையாகச் சொல்லுவார். வெள்ளைக்காரன் காலத்தில் பெரிய நீதிபதி அமர்வுக்கு வந்தால் பிஸ்கால்தான் வாசலில் நின்று வரவேற்று, முன்னே நடந்து கூட்டிப்போவாராம். தூக்குத் தண்டனை நிறைவேறும்போதும் அவரே பக்கத்தில் நிற்பாராம். அந்தக் கம்பீரமெல்லாம் போய் ஒரு பழைய மோட்டார் சைக்கிள்தான் மிஞ்சியது. என்றாலும் நடேசண்ணை வெள்ளை முழுக்கைச் சட்டையும் கறுப்புக் கழுத்துப்பட்டியும் இல்லாமல் ஒரு வீட்டு வாசலை மிதித்ததில்லை. படலையில் நின்று மூன்று தரம் நீதிமன்றத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே போவார்.

அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. அடுப்பில் உலை இருந்தால் சோறு வடித்து, வீட்டார் சாப்பிட்டு எழும்பும்வரை யாரையும் வெளியேற்றமாட்டார். அப்படியொரு விதி எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று சட்டத்தரணிகள் சண்டை பிடிப்பார்கள். அவர் வேலியோரம் நிழல் பார்த்து நிற்பார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து நானும் சிரித்திருக்கிறேன். என் தலையில் விடியும் என்று யார் கண்டது!

இடப்பெயர்வுக் காலத்தில் அப்பா அச்சுவேலி வீட்டைப் பரிமளம் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார். திரும்பி வந்து கேட்டால் எழும்பமாட்டோம் என்றார்கள். வழக்குப் போட்டு, அப்பா கண்மூடிய பிறகு ஒருவழியாக வென்றேன். ஒப்படைக்க வந்தவர் நடேசண்ணை. மூன்று தரம் கூப்பிட்டார். உள்ளே உலை கொதிக்கும் சத்தம் கேட்டது. மனிதர் அப்படியே நின்றுவிட்டார். அண்ணை, இது என்ரை வீடு, எனக்காக ஒருக்கா உள்ளே போங்கோ என்று கெஞ்சினேன்.

"தங்கச்சி, தூக்குக்குப் போறவனையே சாப்பிடவிட்டுத்தான் கூட்டிக்கொண்டு போனவங்கள்" என்றார். "வீட்டை விட்டுப் போறவள் பசியோடையே போறது?"

பரிமளம் சோறு வடித்து, பிள்ளைகளுக்குப் போட்டு, தானும் ஆறுதலாகச் சாப்பிட்டாள். அவள் கை கழுவமுதல் அவளுடைய சட்டத்தரணி மேல்நீதிமன்றத் தடை உத்தரவோடு வந்து இறங்கிவிட்டார். நடேசண்ணை அதை வாங்கிப் படித்துவிட்டு, என் முகத்தைப் பாராமல் மோட்டார் சைக்கிளை உதைத்தார். அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் வழக்கு தவணை, தவணை, தவணை என்று இழுபட்டது. நான் வாடகை வீடுகளில் கிழவியானேன். எதிர்மேசையில் அவர் ஓய்வு பெறும்வரை இருந்தார். ஒரு நாளாவது மன்னிப்புக் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் என் தேத்தண்ணியை மட்டும் தானே கொண்டுவந்து வைப்பார். நானும் முகம் கொடுக்காமல் குடிப்பேன்.

அந்த வழக்கு முடிந்து, புதிய பிஸ்காலோடு படலையில் நின்ற காலையில்தான் இந்தச் செய்தி. புதியவர் கெட்டிக்காரப் பொடியன். கூப்பிடுவதெல்லாம் இல்லை, நேரே படலைக் கொளுக்கியில் கை வைத்தார். உடனே உள்ளே போனால் திறப்பை வாங்கி வீட்டைப் பூட்டிக்கொண்டு கொழும்புத்துறைக்கு ஓடிவிடலாம். அண்ணையின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம். அப்போது குசினியிலிருந்து அரிசி வேகும் மணம் வந்தது.

"கொஞ்சம் பொறும் தம்பி" என்றேன். "அவை சோத்தை வடிக்கட்டும்."

சொன்ன வாயை அடிக்கவேண்டும் போலிருந்தது. தடை உத்தரவோடு யாரும் வந்துவிடுவார்களோ என்று றோட்டைப் பார்த்துக்கொண்டு, அண்ணையை வாய்க்குள் திட்டித் தீர்த்தேன். இந்த முறை யாரும் வரவில்லை. பரிமளம் சாப்பிட்டு, சட்டிபானையைக் கழுவி எடுத்துக்கொண்டு, திறப்பை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஓட்டோவில் கொழும்புத்துறைக்கு வந்து இறங்கியபோது முற்றம் கழுவிக்கொண்டிருந்தார்கள். எடுத்துவிட்டார்கள். ஆண்கள் எல்லோரும் சுடலைக்குப் போயிருந்தார்கள். நனைந்த முற்றத்தில் திறப்பைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போய்வாருங்கள், அண்ணை. என் கோபம் இன்னும் ஆறவில்லை. யார் யாருடைய உலைக்கெல்லாமோ காத்து நின்றீர்களே, எனக்காக இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கக் கூடாதா?