மைசர் என்ற சொல்லுக்கு நான் சொன்ன அர்த்தம்

எங்கள் அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. உப்பளத்துப் பெரியப்பாக்களும் சித்தப்பாக்களும் இந்த நினைவு மலரின் அட்டையைப் பார்த்ததும் கோபப்படுவீர்கள். "பேருக்கு முன்னாடி மைசர்னு போடு பாப்பா" என்று அத்தனை முறை சொன்னீர்கள். நான் போடவில்லை. காரணத்தை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

அப்பா மரக்காணத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் உப்புப் பாத்தியில் இறங்கி, சுனாமிக்கு அடுத்த கோடைவரை உப்பு வாரினார். யாரையும் கடிந்து பேசாதவர். ஆனால் கையை விட்டு எதுவும் எளிதில் போகாது. தேய்ந்த சோப்பைப் புது சோப்பின் முதுகில் ஒட்டிவிடுவார். தீபாவளிக்கும் பழைய வேட்டிதான். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்று அம்மாவே கேலி செய்வார்.

புதுச்சேரியில் கல்லூரிக்குப் போன வருடம், இன்னொரு ஜோடி செருப்பு கேட்டேன். மறுத்துவிட்டார். "சரியான மைசர்!" என்று கத்தினேன்.

"இன்னாம்மா அது, இங்கிலீசா? இன்னா அர்த்தம்?" என்றார்.

கஞ்சன் என்று சொல்ல வாய் வரவில்லை. "பொறுப்பான மனுஷன்னு அர்த்தம்ப்பா."

மறுநாளே உப்பளம் முழுக்க அவரே பெருமையாகச் சொல்லிவிட்டார். நீங்களும் மரியாதையாக "மைசர் அண்ணே" என்று கூப்பிட ஆரம்பித்தீர்கள். நான் உள்ளுக்குள் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, பெயர் எழுதிய நர்ஸிடம், "மைசர்னும் சேத்து எழுதிக்கம்மா. எம்பொண்ணு வெச்ச பேரு. இங்கிலீசு படிக்குது" என்றார்.

நர்ஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நல்ல பேருதான் பெரியவரே" என்று எழுதிக்கொண்டார்.

காரியம் முடிந்தபின் அகராதியைப் புரட்டினேன். நான் கேட்டதும் பேரம்கூடப் பேசாமல் அப்பா வாங்கித் தந்த தடித்த அகராதி. லத்தீனிலிருந்து வந்த சொல்லாம் அது. கஞ்சன் என்பது பின்னால் வந்த பொருள். முதற்பொருள், துன்பப்படுபவன், பரிதாபத்துக்குரியவன். உப்புத் தண்ணீர் அரித்து வெடித்த கால்களோடு, செருப்பே இல்லாமல் நடந்தவர் என் அப்பா. அவரிடம்தான் இரண்டாவது ஜோடி கேட்டுச் சண்டை போட்டேன்.

உங்கள் எல்லோரையும் ஏமாற்றியதற்கு என்னை மன்னியுங்கள். அவரைத் தோளில் சுமந்த உப்பளத்து உறவுகளுக்கும், அம்மாவுக்குத் துணையிருந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் நன்றி. அப்பா அந்தப் பெயரைப் பெருமையோடு வைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அர்த்தம் தெரிந்தும் அவரிடம் சொல்லாமல் இருந்த அந்த நர்ஸ் அம்மாவுக்கு என் கடன் தீராது.