என் பேரு, என் படம், என் வைஃபை

வந்திருந்தவர்கள்: அப்பா, அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரர் குமார் மச்சான், நான். வராதவர்: சின்ன அத்தை.

இடம், மலேசியாவில் ஈப்போவை அடுத்த செமோர் பக்கம் எங்கள் வீடு. அப்பா பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்தை அழித்து வரிசை வீடுகளாக ஒரு தாமான் கட்டினார்களே, அதில் கடைசி வரிசை. கூட்டம் கூடிய காரணம், மேசை மேல் கிடந்த ஒரு வக்கீல் கடிதம். என் பெயருக்கு வந்தது.

விஷயம் இதுதான். போன மாதம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். சமைத்துப் போட்ட கேட்டரிங்காரர், பந்திப் படங்களைத் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டிருக்கிறார். அதற்குக் கீழே ஒரு கமெண்ட். போட்டது யார்? நான்! பட்டமளிப்பு கவுனும் தொப்பியுமாக நான் சிரிக்கிற படம், பக்கத்தில் என் முழுப் பெயர், அதை ஒட்டி இப்படி —

"ஆட்டுக்கறின்னு போட்டுருக்கான் ஆடு அந்தப் பக்கமே போயிருக்காது வெறும் எலும்பு அதையும் எண்ணி எண்ணி வைக்கிறான் இவன்லாம் வேற வேலை பாக்கலாம் அந்த ஃபேன ஏத்தி வை"

ஒரு புள்ளி இல்லை. ஒரு கமா இல்லை.

நான் எழுதவில்லை. அந்தக் கல்யாணத்துக்கே நான் போகவில்லை... அன்று லூமுட்டில் வேலை. ஆனால் வக்கீல் கடிதம் அதையெல்லாம் கேட்குமா? ஒரு வாரத்துக்குள் அதே பக்கத்தில் மன்னிப்பு, கூடவே நஷ்டஈடு. இல்லையென்றால் கோர்ட். கமெண்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, வரி வரியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். கடைசி வரிக்குத் தனியாக ஒரு பத்தி: மண்டபத்தில் காற்றோட்டம் போதவில்லை என்றும் நான் அவதூறு செய்திருக்கிறேனாம்!

ஈப்போவில் வக்கீலாக இருக்கும் பிரியா என் பள்ளித் தோழி. கோப்பிக்கடையில் உட்கார்ந்து கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"நீ எழுதலன்னு எனக்குத் தெரியும் லா. நீயா இருந்தா முற்றுப்புள்ளி வெச்சிருப்ப."

"அப்ப அதையே சொல்லிடு!"

"கோர்ட்ல அது எடுபடாது. உன் பேரு, உன் படம், வீட்டு வைஃபையும் உன் பேர்ல. இதுல ஒண்ணு இருந்தாலே போட்டது நீதான்னு எடுத்துக்க நம்ம சட்டத்துல இடமிருக்கு. நீ போடலன்னா அத நீதான் நிரூபிக்கணும்."

"நான் திருடலன்னு நான் நிரூபிக்கணுமா?"

"இன்டர்நெட்ல எவன் மூஞ்சியக் காட்டுறான்? அதுக்காகக் கொண்டுவந்தது."

யோசித்தால் நியாயம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். ஒளிந்துகொள்ள நினைக்கிறவன் பட்டமளிப்பு கவுனோடவா ஒளிவான்? கோர்ட்டிலிருந்து பேசுகிறேன் என்று அம்மாவை போனில் மிரட்டி அழவைத்தானே ஒருவன், அவன் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. போலீசிடம் எத்தனை முறை கேட்டும் "தேடுறோம்" என்பதுதான் பதில். ஒழுங்காகச் சொந்தப் பெயரில் கணக்கு வைத்திருப்பவன் வீட்டுக்கு மட்டும் கடிதம் சரியாக வந்து சேர்கிறது. இந்தச் சட்டம் தேடுவது குற்றவாளியையா, இல்லை சுலபமாக அகப்படுகிற ஆளையா?

"சரி, அது நெஜமாவே ஆட்டுக்கறி இல்லன்னா?"

"நிரூபிச்சா தப்பிக்கலாம். எலும்பு இருக்கா?"

போன மாதத்து எலும்புக்கு எங்கே போவது?

"அப்ப ஒரே வழி. எழுதுன ஆளக் காட்டு. உன் பேரு இந்தக் கேஸ்லேர்ந்து வெளிய வந்துடும்."

எழுதிய ஆள் வீட்டுக்குள்தான். அதில் சந்தேகமே இல்லை. என் பழைய ஃபோன் செமோர் வீட்டு ஃப்ரிட்ஜ் மேலேயே இருக்கும். வருகிறவர் போகிறவர் எல்லாரும் எடுத்து வீடியோ பார்ப்பார்கள். என் கணக்கு அதில் திறந்தே கிடக்கும். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். அதனால் கரண்ட் பில், வைஃபை, அம்மாவின் சிம் கார்டு, எல்லாம் என் பெயரில். "படிச்ச பிள்ள பேர்ல இருந்தா எவனும் ஏமாத்த மாட்டான்." இது அப்பா போட்ட சட்டம்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம்.

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். அந்தக் கேட்டரிங்காரர் இவரிடம் எடுப்பதை நிறுத்தி இரண்டு மாதமாகிறது.

"என்னப்பா, என்னையே பாக்குற? எனக்குத் தமிழ்ல டைப் பண்ணவே வராது லா!"

"என் புருஷனயா சந்தேகப்படுற?" அக்கா எகிறினாள். "நீ காலேஜ் போனதே இதுக்குத்தானா?"

அம்மா தீர்ப்பே சொல்லிவிட்டார். "உங்க சின்ன அத்ததான். பந்தியிலயே எலும்பத் தூக்கிக் காட்டுனா. இல்லன்னா ஏன் இன்னிக்கு வரல?"

எல்லாரும் தலையாட்டினோம். வராதவர்தானே குற்றவாளி! அப்பாவை மட்டும் யாரும் பார்க்கவில்லை. ரெண்டாம் வகுப்போடு நின்றவர். கையெழுத்து போடுவார், அதற்கு மேல் எழுதப் படிக்க வராது.

அவர் சட்டைக் காலரைத் தூக்கி விசிறிக்கொண்டே சொன்னார்: "சும்மா அவளையே சொல்லாதீங்க. கமலா, அந்த ஃபேன ஏத்தி வை."

எழுந்து போன அம்மாவின் கை சுவிட்சிலேயே நின்றுவிட்டது.

நான் கடிதத்தை எடுத்து அந்தக் காற்றோட்டப் பத்தியைத் திரும்பப் பார்த்தேன்.

"அப்பா... அந்தக் கல்யாணப் படத்துக்குக் கீழ ஏதாச்சும் எழுதுனீங்களா?"

"எனக்கு எங்கய்யா எழுதத் தெரியும்? பேசுனேன்."

மச்சான் கூரையைப் பார்த்தார். "மைக்க அமுக்கிப் பேசுங்க மாமா, அதுவே எழுதிக்கும்னு... வீடியோ தேடத்தான் சொல்லிக் குடுத்தேன்."

"அவன் பக்கம்தான அது?" அப்பாவுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "அவன்கிட்டதான் சொன்னேன். கடையில போயிக் கத்துனா நாலு பேரு பாப்பாங்க, அவனுக்கு அசிங்கம். அதான் இதுல சொன்னேன்."

நாலு பேர் பார்க்கக் கூடாது என்று ஃபேஸ்புக்கில் சொன்னவர் இந்த நாட்டிலேயே என் அப்பா ஒருவராகத்தான் இருப்பார்.

அவர் பார்வை கடிதத்துக்குப் போனது. அதில் என் பெயரை மட்டும் அடையாளம் தெரியும் அவருக்கு. குரல் இறங்கிவிட்டது. "என்னையக் காட்டிக் குடுத்துருய்யா. நான் போய் நிக்கிறேன்."

பேர் இருந்தால் அவன்தான் என்கிறது சட்டம். வராதவர்தான் என்றோம் நாங்கள். எழுதத் தெரியாதவர் எழுதியிருக்க மாட்டார் என்றேன் நான். சட்டத்தையாவது திருத்தச் சொல்லிக் கேட்கலாம். எங்களை?

இன்னொன்று. அத்தை ஏன் வரவில்லை என்று அக்காவைக் கேட்டேன். "அம்மா சொல்லிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றாள். அம்மா, நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்தாராம். ரெண்டு வீடு தள்ளி இருக்கிறவரை யாருமே கூப்பிடவில்லை! மறுநாள் அத்தை வாசலில் நின்று கேட்ட கேள்விக்கு எந்த வக்கீலாலும் பதில் சொல்ல முடியாது: "என்னையக் கூப்புடாமலே எனக்குத் தீர்ப்பா?"

பிரியாவுக்குப் போன் போட்டேன். மன்னிப்பு என் பெயரிலேயே போகட்டும் என்றேன்.

"பைத்தியமா? அப்பான்னு சொன்னா நீ வெளிய வந்துடலாம்."

வரலாம். ஆனால் அடுத்த கடிதம் அவர் பெயருக்கு வரும். அதை அவருக்குப் படித்துக் காட்டப் போகிறவனும் நான்தானே? என் பெயரில் இருந்தால் எவனும் ஏமாற்ற மாட்டான் என்று நம்பியவர். அந்த நம்பிக்கையாவது இருக்கட்டும். நான்தான் எழுதினேன் என்று சட்டம் சொல்கிறதா? சரி, நான்தான்.

மன்னிப்பை நானே எழுதிப் போட்டேன், புள்ளியெல்லாம் வைத்து. கேட்டரிங்காரர் நஷ்டஈட்டை விட்டுவிட்டார்; வக்கீல் செலவை மட்டும் கேட்டார்.

யார் எழுதியது, யார் பேரு, யார் வைஃபை — எல்லாம் கேட்டார்கள். அது ஆட்டுக்கறிதானா என்று மட்டும் எந்தக் கடிதத்திலும் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

கேட்டரிங்காரரின் வக்கீலுக்கு ஆயிரத்து ஐந்நூறு, அத்தைக்கு ஒரு சேலை நூற்றிருபது. ஆக மொத்தம் ஆயிரத்து அறுநூற்றிருபது ரிங்கிட்.