ரெத்தினம் அளந்த ஏரி

"மூணு மா வரும் தோழர், கார் நிறுத்துற எடத்தையும் சேத்தா. என் வயலு இவ்வளவுதான்."

திருவாரூரில் ஒரு கல்யாண மண்டபம். உள்ளே பந்திக்குக் கூப்பிடுகிறார்கள். ரெத்தினம் வாசலில் நின்று மண்டபத்தை அளந்துகொண்டிருக்கிறார். மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். இருபது மா ஒரு வேலி. மற்றதை மறந்தாலும் இந்த மூன்று மாவை மறக்காதீர்கள். அந்த மனிதரின் மொத்தச் சொத்தும் அவ்வளவுதான். இங்கே ஊரின் பெயரைச் சொல்லவில்லை, ஆட்களின் பெயரை மாற்றியிருக்கிறேன். நிலத்தின் அளவை மாற்றவில்லை.

எதைப் பார்த்தாலும் அவருக்கு நிலக் கணக்குத்தான். தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடினால் ஆட்டத்தைப் பார்க்க மாட்டார். "பன்னெண்டு மா தேறும். புல்ல வளத்து வச்சிருக்கான் பாரு" என்பார். தாராசுரம் கோயிலுக்குப் போனால் எல்லாரும் கல் யானையைப் பார்ப்பார்கள். அவர் வெளிப்பிரகாரத்தைக் காலால் அளந்து முடித்துவிட்டுத்தான் சாமியிடம் போவார். அறுபதைத் தாண்டிய, ஒல்லியான உடம்பு. வேட்டியை எப்போதும் முழங்காலுக்கு மேலே மடித்துத்தான் கட்டுவார். எங்கள் விவசாயிகள் சங்க மறியலுக்கு வந்தபோதும் அப்படித்தான் வந்தார். தண்ணீர் கேட்டு நாங்கள் ரோட்டில் உட்கார்ந்தபோதெல்லாம் முதல் வரிசையில் இருந்தவர். கோஷம் போடத் தெரியாது. எழுந்திருக்கவும் தெரியாது. போலீஸ்காரர்கள் தூக்கித்தான் வண்டியில் ஏற்றுவார்கள்.

கீழ்வேளூர்ப் பக்கம் கடைமடை ஊர் அது. காவிரித் தண்ணீர் மற்ற எல்லாருக்கும் பாய்ந்து முடித்த பிறகு வந்து சேரும் இடம். முறை வைத்துத்தான் விடுவார்கள். உங்கள் முறை வரும்போது நீங்கள் மடையில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் உங்களைத் தாண்டிப் போய்விடும். அதனால் ரெத்தினத்துக்கு மண்வெட்டி ஓர் உறுப்பு மாதிரி. "சைக்கிளக் கேளு, தர்றேன். மம்பட்டியக் கேக்காத" என்பது அவருடைய பிரசித்தமான வசனம். தன் மடையை இன்னொருவர் வெட்டிவிடவும் சம்மதிக்க மாட்டார். வெளியூர் போனால் மண்வெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வீட்டைப் பூட்டிக்கொண்டு போவார்.

வெளியூர் என்று அவர் போனது சொற்பம். அதில் ஒன்றைத்தான் சொல்ல வந்தேன்.

அவர் மனைவி கலைமகள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாற்று நட்டவர், களை பறித்தவர். அந்த அம்மாவுக்கு ஒரு விநோதமான ஆசை இருந்தது.

"பாய்ச்சுறதுக்கு இல்லாம, சும்மா பாக்குறதுக்குன்னே ஒரு தண்ணி கெடக்காமே கொடைக்கானல்ல. அத ஒரு தடவ பாக்கணுங்க. படகுல ஏறணும்."

பல வருஷம் கேட்டு, நான்கு வருஷத்துக்கு முன்பு ஒரு புரட்டாசியில் கிளம்பினார்கள். நாற்று வயசாகிக்கொண்டிருந்தது. ஆனால் முறை வர இன்னும் நாள் இருந்தது. அதற்குள் போய்விட்டு வந்துவிடலாம் என்பது கணக்கு. எல்லாம் அரசு பஸ். புளிச்சோறு கட்டிக்கொண்டார்கள். மலை ஏறும்போது கலைமகள் ஜன்னலோரம், ரெத்தினம் வாந்தி. "வயக்காட்டுச் சேத்துல தள்ளாடாத ஆளு, பஸ்ஸுல உக்காந்துகிட்டு தள்ளாடுறாரே" என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் சிரித்ததாகக் கலைமகள் சொல்வார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஜன்னல் மூடாத ஓர் அறை எடுத்து, பையை வைத்துவிட்டு நேரே ஏரிக்குப் போனார்கள்.

ரெத்தினம் ஏரியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இவ்வளவு தண்ணி. பாய ஒரு வயலு இல்லையே, கலை!"

"அதுக்குத்தாங்க வந்தோம். வாங்க, படகு அந்தாண்ட நிக்கிது."

"இரு. எவ்வளவு இருக்கும் இது?"

சோளம் சுட்டு விற்றவரிடம் கேட்டார். அறுபது ஏக்கர் என்று சொல்கிறார்கள் என்றார் அவர். ரெத்தினத்துக்கு நம்பிக்கை வரவில்லை. "சொல்றவன்லாம் அளந்தானா? ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு வந்து ஏறுவோம்" என்று நடக்க ஆரம்பித்தார். கலைமகள் கிழிந்த ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் நடந்தார். ஏரி வளைந்து வளைந்து போகிறது. ஒவ்வொரு வளைவிலும் ரெத்தினம் நின்று மனசுக்குள் வரப்பு போட்டார், கழித்தார், கூட்டினார். சுற்றி வந்து சேர்ந்தபோது அளவு சரியாக வந்துவிட்டது. படகுத்துறையைப் பூட்டிவிட்டார்கள்.

"காலையில மொத ஆளா ஏறுவோம். அப்பறம் மன்னவனூர் ஏரிக்கும் கூட்டிட்டுப் போறேன், போதுமா?" என்றார்.

காலையில் படகுத்துறைக்கு முதல் ஆளாகத்தான் வந்தார்கள். சீட்டுக் கொடுக்கிறவர் இன்னும் வரவில்லை. ஏரிமேல் மூட்டமாகப் பனி. அப்போது செல்போன் அடித்தது. பக்கத்து வயல்காரர் இளம்பரிதி.

"அண்ணே, மேலத்தெரு ஆளுங்க நட்டு முடிச்சிட்டாங்க. முற முன்னாடியே வந்துருச்சு. இன்னிக்குச் சாயங்காலம் நம்ம மடைக்கு வந்துரும்."

"அய்யய்யோ."

"என்ன அய்யய்யோ? நான் இருக்கேன்ல. எனக்குத் தெறக்கும்போது உனக்கும் வெட்டி விட்டுர்றேன். நீ அண்ணியக் கூட்டிக்கிட்டு நல்லா சுத்திட்டு வா."

"நீ வெட்டாத. நான் வந்துர்றேன்."

"கொடைக்கானல்லேருந்தா? மடைய வெட்ட ஒனக்கு மட்டுந்தான் தெரியுமாண்ணே?"

ரெத்தினம் போனை வைத்துவிட்டார். கலைமகள் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றார். சீட்டுக் கொடுக்கிறவர் சாவியோடு வந்துகொண்டிருப்பது தெரிந்தது. "ஏறிட்டே போயிருவோமேங்க" என்று கலைமகள் ஒரு தடவை சொன்னார். "தண்ணி நிக்காதுடி" என்றார் ரெத்தினம். பஸ் பிடித்தார்கள்.

இருட்டிய பிறகு வந்து இறங்கினார்கள். வீட்டுக்குப் போகாமல் பையோடு வயலுக்குப் போனார் ரெத்தினம். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் மூன்று மாவிலும் தண்ணீர் சமமாக நின்றது. மடையைத் திறந்து, பாய்ச்சி, திரும்ப அடைத்து, வரப்பில் உடைப்பு எடுத்த இடத்தில் மண்ணும் அணைத்திருந்தது. அவரே செய்திருந்தாலும் அதைவிட நன்றாக இருந்திருக்காது. என்னிடம் அவரே ஒப்புக்கொண்டது இது.

"ஒரு கொற சொல்ல முடியல தோழர். ஒரு எடத்துல மேடு தெரிஞ்சிருந்தாக்கூட வந்ததுக்கு ஒரு நியாயம் இருந்துருக்கும்."

அதற்கப்புறம் அந்த மண்வெட்டி கட்டிலுக்கு அடியில் போகவில்லை. வாசல் ஓரமாகவே சாத்தியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அவரிடம் கேட்கக் கூடாது என்று பழகிப்போன ஊர். ஒருத்தரும் கேட்பதில்லை.

கலைமகள் திட்டவில்லை, அழவில்லை. மறுநாள் குழாயடியில் ஊர்ப் பெண்கள் கேட்டார்கள், படகில் போனீர்களா என்று. "போகாம?" என்றார். அவ்வளவுதான், அது ஊருக்கு உண்மையாகிவிட்டது. வருஷம் ஆக ஆக அந்தப் படகுப் பயணம் வளர்ந்தது. பனி வந்தது, வாத்து வந்தது, எதிர்ப் படகில் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தது. புருஷனைப் பார்த்து ஊர் சிரித்துவிடக் கூடாது என்று தொடங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். இப்போது அந்த அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. பஸ் படி ஏறவே ஆள் பிடிக்க வேண்டும். ஆடுகிற படகில் காலை வைப்பது நடக்காத காரியம்.

ரெத்தினம் போன வருஷம் கலைமகளிடம் கேட்டிருக்கிறார். வீட்டில் வேறு யாரும் இல்லை. "இந்தத் தடவ செல்போன இங்கயே போட்டுட்டுப் போவோம். தூக்கியாவது ஒக்கார வைக்கிறேன்."

"எதுக்குங்க? அதான் போயிட்டு வந்தாச்சே."

இதை என்னிடம் சொல்லிவிட்டு, "ஒரு வார்த்த திட்டிருக்கலாம் தோழர்" என்றார். "எழுதிக்கங்க. அவ சொல்றது ஊருக்கு இருக்கட்டும். இது எங்கயாவது ஒரு எடத்துல இருக்கட்டும்."

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். நாலு வீடு தள்ளி இருக்கும் கமருன்னிஸா வந்திருந்தார். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறார். குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறார்களாம். விவரம் கேட்க வந்தவருக்குக் கலைமகள் காலை நீட்டி உட்கார்ந்து படகைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மிதி படகு. அவருதான் மிதிச்சாரு. நான் ஒரு கைய தண்ணியில விட்டுகிட்டே வந்தேன். ஐஸு மாரி விரலு வெறச்சுப் போச்சு."

"அண்ணனா மிதிச்சாரு? சைக்கிளையே தள்ளிக்கிட்டுதானே போவாரு!"

"அன்னிக்கி மிதிச்சாருடி. எறங்க மனசே இல்ல அவருக்கு."

ரெத்தினம் வாசலில் குத்துக்காலிட்டு, வாளித் தண்ணீரில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஏண்ணே, நெசமாவே நடு ஏரி வரைக்கும் போனீங்களா? எவ்வளவு பெருசுண்ணே அது?"

கலைமகள் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெத்தினம் மண்வெட்டியைத் தரையில் வைத்தார். சேறு கலங்கிய வாளிக்குள் ஒரு கையை மணிக்கட்டு வரை விட்டு, அப்படியே வைத்துக்கொண்டார்.

"ஒம்போது வேலி."