மூன்று பேருக்கான மேசை

என் அக்காவை இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஊசி அக்கா என்றுதான் தெரியும். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாக ரத்தம் எடுக்கிறாள். மற்றவர்கள் நாலு இடத்தில் குத்தியும் அகப்படாத நரம்பு, அவள் கட்டைவிரல் பட்டதும் நல்ல பிள்ளையாக எழுந்து வரும். கை அப்படி. வாய் வேறு மாதிரி. ஒரு முறை நிலையத்து முதலாளி தனக்கு வேண்டிய ஒருவரைக் கூட்டிவந்து, காபி குடித்துவிட்டு வந்த அந்த மனிதருக்கு 'வெறும் வயிறு' என்று எழுதச் சொன்னார். "அவர் வயித்துல காபி இருக்கு சார். நான் எப்படி இல்லைன்னு எழுதறது?" என்று பேனாவை மூடி வைத்துவிட்டாள். இப்படிப்பட்டவளோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன் நான். சின்ன வயதில் ஒரு பொய்யைக்கூட முழுதாகச் சொல்லி முடித்ததில்லை.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது வருஷத்துக்கு முன், மழை கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் மாடியின் மட்டத்துக்கு நிற்காமல் ஒரு சாண் கீழே நிற்கிறது என்று கூப்பிட்டார்கள். அத்தான் போனார். அவர் கருவிப் பையோடு லிஃப்டில் ஏறியதையும் கதவு மூடியதையும் கீழே இருந்த காவலாளி பார்த்திருக்கிறார். நாலாவது மாடியில் கதவு திறந்தபோது பை இருந்தது. அவர் இல்லை. நடுவில் எந்த மாடியிலும் லிஃப்ட் நிற்கவில்லை என்று அங்கிருந்தவர்கள் அடித்துச் சொன்னார்கள். லிஃப்ட் ஓடுகிற குழியை மேலும் கீழும் இரண்டு நாள் அலசிப் பார்த்தார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. விசாரிக்க வந்த போலீஸ்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வேற ஏதாவது பெண் தொடர்பு இருந்துதாம்மா?" என்று கேட்டார். "இருந்தா நல்லதுதான் சார். உயிரோடயாவது இருப்பார்" என்றாள் அக்கா.

அன்று முதல் அக்கா லிஃப்டில் ஏறுவதில்லை. இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. எத்தனை பேர் என்று யார் கேட்டாலும் ஒன்றைக் கூட்டிச் சொல்லிவிடுவாள். பஸ்ஸில் நானும் அவளும் போனால் மூன்று டிக்கெட் கேட்பாள். முதலில் திருத்திக்கொண்டிருந்தோம். பிறகு எங்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. என் மனைவி அரிசி அளக்கும்போது ஓர் ஆளுக்குச் சேர்த்துப் போடுவாள். நான் யாரையாவது போட்டோ எடுத்தால், "ஓரமா கொஞ்சம் இடம் விட்டு நில்லுங்க" என்பேன். பைத்தியக்காரக் குடும்பம் என்று வெளியாள் யாரும் சொன்னதில்லை, ஏனென்றால் எந்த வெளியாளுக்கும் இது தெரியாது.

மருந்துக்கடைக்காரர் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன். பரிசோதனை நிலையத்துக்கு எதிரேதான் அவர் கடை. ஐம்பது வயது, கல்யாணம் ஆகாதவர், பரம சாது. மாத்திரைப் பட்டையைக்கூட அதற்கு வலித்துவிடுமோ என்று பார்த்துப் பார்த்துத்தான் வெட்டுவார். அக்காவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, அதை வாய்விட்டுச் சொல்லப் பதினாலு மாசம் எடுத்துக்கொண்டார். அக்கா மறுநாளே சரி என்றாள். "எனக்கும் நாப்பத்தாறு ஆச்சுடா. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா ஒரு குரல் கேக்கணும் போல இருக்கு" என்று என்னிடம் சொன்னபோது, அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரே ஒரு தடைதான். அத்தான் இறந்துவிட்டார் என்று கோர்ட்டு அறிவிக்க வேண்டும். அதற்கு அக்கா ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வக்கீல் சொல்லச் சொல்ல நானே டைப் அடித்தேன். மூன்றாவது பத்தி இப்படி இருந்தது: 'அன்று முதல் இன்றுவரை என் கணவரை யாரும் பார்த்ததாக நான் அறியவில்லை.' திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை தேதி தள்ளிப்போயிருந்தது. இதையும் விட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது என்று வக்கீல் கையை விரித்துவிட்டார்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் மருந்துக்கடைக்காரர் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். கடைத்தெரு முனையில் ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில், கொரியாக்காரர்கள் பாணியில் கோழி பொரித்துக் கொடுக்கிற ரெஸ்டாரன்ட் புதிதாகத் திறந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்து அங்கேயே கையெழுத்தையும் போட்டுவிடலாம், சாட்சிக்கு நான் இருக்கிறேன் என்று ஏற்பாடு. என் மனைவிக்குக் காய்ச்சல் என்பதால் அவள் வரவில்லை. நாங்கள் போனபோது படிக்கட்டில் பெயின்ட் அடித்துக் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். அக்கா அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். மருந்துக்கடைக்காரர் லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, "நான் பக்கத்துலயே நிக்கறேன், வாங்க" என்றார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். ஐந்து மாடி போகும்வரை என் சட்டையை விடவில்லை. மருந்துக்கடைக்காரர் ஒரு மூலையைக் காலியாக விட்டு ஒதுங்கி நின்றார். சின்ன லிஃப்ட், எதற்கு இப்படி என் காலை மிதிக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

வாசலில் கறுப்பு ஏப்ரன் கட்டிய ஒரு பெண், "எத்தனை பேர் சார்?" என்று கேட்டாள். அக்கா வாயைத் திறக்குமுன் மருந்துக்கடைக்காரர் முந்திக்கொண்டார்.

"நாலு பேர்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டு வியாதி இவருக்கும் வந்துவிட்டதா, இல்லை அக்காவின் மனசு நோகக் கூடாது என்று வேண்டுமென்றே சொன்னாரா? அக்கா இரண்டாவதாகத்தான் எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்துப் புதுப்பெண் மாதிரி சிரித்தாள்.

நாலு நாற்காலி போட்ட மேசை. நானும் மருந்துக்கடைக்காரரும் ஒரு பக்கம், எதிரே அக்கா, அவள் பக்கத்தில் காலி நாற்காலி. நாலு தட்டு வைத்தார்கள், நாலு முள்கரண்டி, நாலு பொட்டலம் மெல்லிய பிளாஸ்டிக் கையுறை. "சாஸ் கையில பிசுபிசுன்னு ஒட்டும், இதைப் போட்டுக்குங்க" என்றாள் அந்தப் பெண். நாலாவது தட்டை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். "இருக்கட்டும்டா, உன்னை என்ன பண்ணுது?" என்றாள் அக்கா.

கோழியைப் பாதிப் பாதியாக வாங்கலாம் என்றார்கள். ஒரு பாதி வெறுமனே பொரித்தது, மறுபாதி சிவப்பாக, இனிப்பும் காரமுமான சாஸில் புரட்டி, மேலே எள் தூவியது. கூடவே சின்னச் சதுரங்களாக வெட்டி ஊறவைத்த வெள்ளை முள்ளங்கி, எலும்பு போட ஒரு தகர டின். இரண்டு தடவை பொரிப்பார்களாம். கடித்தால் ஓட்டுச்சில்லை மிதித்த மாதிரி நொறுங்குகிறது. எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தலை நிமிராமல் தின்றேன். நடுவில் ஒரு தடவை, மூன்று பேரும் தண்ணீர் குடிப்பதற்காக நிறுத்தியிருந்தபோது, அந்த நொறுங்குகிற சத்தம் கேட்டது. மிகப் பக்கத்தில் கேட்டது. அடுத்த மேசையைப் பார்த்தேன். அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

அக்கா பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு நாலாவது தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொட்டலம் பிரிந்து கிடந்தது. பக்கத்தில் கையுறை, ஒரு சின்ன உருண்டையாக. ரத்தம் எடுக்கிறவர்கள் கையுறை கழற்றுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் ஒன்றைக் கழற்றி மற்றக் கையின் உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு, அடுத்ததை அதன்மேல் உள்வெளியாகப் புரட்டி இழுப்பார்கள். இரண்டும் ஒரே உருண்டையாகிவிடும், அழுக்கு வெளியே படாது. கிரீஸ் கையோடு வீட்டுக்கு வந்த அத்தானுக்கு அக்கா அதைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அந்த உருண்டைதான் தட்டின் ஓரத்தில் இருந்தது. என் கையுறை என் கையில் இருந்தது. அக்காவுடையது அவள் கையில். மருந்துக்கடைக்காரர் முள்கரண்டியால் சாப்பிட்டார், அவருடைய பொட்டலம் பிரிக்கவே இல்லை.

அக்கா உருண்டையைப் பிரித்தாள். உள்ளே ஈரம் முத்துமுத்தாகப் பூத்திருந்தது. மனுஷன் கையின் சூடு பட்டால்தான் அப்படிப் பூக்கும்.

"இதை யாருடா போட்டது?" என்றாள் என்னிடம்.

எனக்கு முன்னால் மருந்துக்கடைக்காரர் பதில் சொன்னார். "அவர்தானே போட்டுக்கிட்டார்?"

"எவர்?"

"உங்க சொந்தக்காரர். இதோ, இவர்" என்று காலி நாற்காலியை மரியாதையாகக் கையால் காட்டினார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு அவர் குரல் இறங்கியது. "எப்பவும் உங்க கூட வருவாரே. நீங்க கடைக்கு வந்தா வெளியிலயே நிப்பார். உள்ள வாங்கன்னு ரெண்டு மூணு தடவை கூப்பிட்டேன். தலையை மட்டும் ஆட்டுவார். நீங்களா அறிமுகப்படுத்தாதப்ப நானா கேக்கறது மரியாதையா இருக்காதுன்னு விட்டுட்டேன். இன்னைக்கும் நீங்க ரெண்டு பேரும் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. வீட்டுல ஏதோ மனஸ்தாபம் போலன்னு நெனச்சேன்."

பயந்தேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. ஏனென்றால் அக்காவின் கண், நாற்காலியை விட்டு மேசைமேல் இருந்த பத்திரத்துக்குப் போய்விட்டது. மூன்றாவது பத்தி. யாரும் பார்த்ததாக நான் அறியவில்லை. இனிமேல் அதற்குக் கீழே அவள் எப்படிக் கையெழுத்துப் போடுவாள்?

"அக்கா, இது கோர்ட்டு விஷயம். அவர் யாரையோ பார்த்துட்டு ஏதோ சொல்றார். நீ கையெழுத்தைப் போடு" என்றேன்.

"பார்த்தேன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்றாரேடா."

மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பினேன். "சார், தப்பாப் பார்த்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இல்லைன்னா உங்க கல்யாணம் இந்த ஜன்மத்துல நடக்காது."

அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று அவருக்கு அப்போது புரிந்துவிட்டது. இருந்தும் அக்காவைப் பார்த்துக்கொண்டே, "அவங்ககிட்ட பொய் சொல்லிட்டு எப்படித் தம்பி குடும்பம் நடத்தறது?" என்றார். இரண்டு அரிச்சந்திரர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேனே என்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

அக்கா பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, ரத்தம் எடுக்க வந்தவர்களை விசாரிக்கிற அதே குரலில் கேட்டாள்.

"வயசு என்ன இருக்கும்?"

"யாருக்கு?"

"அவருக்குத்தான்."

மருந்துக்கடைக்காரர் நாற்காலியைப் பார்த்தார். "முப்பத்தேழு, முப்பத்தெட்டு இருக்கலாம்."

"தலை நரைச்சிருக்கா?"

"இல்ல. நல்ல கறுப்பு."

"சட்டை?"

"நீலம். தோள் ரெண்டும் நனைஞ்சிருக்கு. வெளியில வெயில் கொளுத்துதே, எங்க நனைஞ்சார்னு நானும் யோசிச்சேன்."

அன்றைக்கு அத்தானுக்கு முப்பத்தெட்டு வயது. இருந்தால் இன்றைக்கு நாற்பத்தேழு. என் தலை பாதி வெளுத்துவிட்டது. அக்கா மாசத்துக்கு ஒரு தடவை சாயம் பூசுகிறாள். உயிரோடு இருக்கிற யாரையும் ஒன்பது வருஷம் சும்மா விட்டுவைப்பதில்லை. அக்காவுக்கு அது எனக்கு முன்பே விளங்கிவிட்டது.

கையுறையைக் கழற்றிவிட்டு, "பேனாவைக் குடு" என்றாள். மூன்றாவது பத்தியில், 'என் கணவரை' என்பதற்கும் 'யாரும்' என்பதற்கும் நடுவில் ஒரு கோடு இழுத்து, மேலே 'உயிருடன்' என்று எழுதினாள். திருத்தியதற்கு அடையாளமாக ஓரத்தில் சின்னக் கையெழுத்து. என் கணவரை உயிருடன் யாரும் பார்த்ததாக நான் அறியவில்லை. பிறகு கீழே முழுக் கையெழுத்தையும் போட்டாள். நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அது கோணல்மாணலாக வந்தது.

அக்கா நாற்காலியைத் திருப்பி, பக்கத்துக் காலி நாற்காலிக்கு நேராக உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டாச்சா?" என்றாள். "உங்களைத் தேடாத இடமில்லை. எனக்கு நீங்க ஒரு குறையும் வைக்கலை. நானும் உங்களுக்கு வைக்கலைன்னுதான் நெனைக்கறேன். இதுக்கு மேல வெளியில நின்னுட்டு இருக்காதீங்க. போங்க."

யாரை வழியனுப்பினாலும் போயிட்டு வாங்க என்றுதான் எங்கள் வாயில் வரும். அடுத்த தெருவுக்குப் போகிறவரைக்கூட அப்படித்தான் அனுப்புவோம். அக்கா வெறும் போங்க என்று சொல்லிவிட்டு, மடியில் கையைக் கோத்துக்கொண்டாள்.

எனக்கு எதுவும் தெரியவில்லை. நாற்காலி அசையவில்லை. மருந்துக்கடைக்காரர் மட்டும் வழியில் நீட்டியிருந்த தன் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அவர் பார்வை மேசையைச் சுற்றி, ஓர் ஆள் நடக்கிற வேகத்தில், வாசல்வரை போய் அங்கே நின்றது.

"போயிட்டாரா?" என்றாள் அக்கா. அவள் திரும்பவில்லை.

"போயிட்டார்."

"திரும்பிப் பார்த்தாரா?"

"இல்ல."

அப்போதுதான் அக்கா அழுதாள். புருஷன் செத்தால் எப்படி அழுவார்களோ அப்படி, நெஞ்சில் அடித்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதாள். நாலு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரர் அவள் பக்கத்தில் போய் நின்றார். தொடலாமா கூடாதா என்று தெரியாமல் வெறுமனே நின்றார். ஏப்ரன் கட்டிய பெண் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, "சாஸ் ரொம்பக் காரமா இருந்துச்சா சார்?" என்று என்னிடம் கேட்டாள்.

"அதில்லம்மா. எங்க அத்தான் இறந்துட்டார்" என்றேன்.

"ஐயோ. எப்போ சார்?"

"இப்பதான்" என்றேன்.