கலங்கி வந்த தண்ணீர்

என் தங்கை கணவர் செல்வமும் நானும் ஞாயிறுதோறும் மட்டாஞ்சேரி படகுத்துறையில் தூண்டில் போடுவோம். கடல் நீர் ஏறி வந்து காயல் என்ற உப்பங்கழி கலங்கினால் மீன் நன்றாகக் கடிக்கும் என்பது எங்கள் அனுபவம்.

மூணாறு பக்கத்து மலை ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. இரண்டு மாதம் திட்டமிட்டோம். அனுமதிச் சீட்டு, சின்னத் தூண்டில் முள், ஸ்வெட்டர், பஸ் நேரம் என்று எல்லாம் எழுதி வைத்தோம். ஆற்றைப் பற்றி மட்டும் அங்கிருந்த சாயாக்கடையில்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீர் நமக்கென்ன புதிதா என்ற நினைப்பு.

அன்று நல்ல வெயில். செல்வம் ஆற்றின் நடுவே ஒரு பாறையில் நின்றார், நான் கரையில். தெளிந்து ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகுகளோடு வந்தது.

"மச்சான், தண்ணி கலங்குது. கரைக்கு வரட்டா?" என்று கேட்டார்.

"இனிமேதான் கடிக்கும் மாப்ளே, அங்கயே நில்லுங்க" என்றேன்.

மேலே எங்கோ பெய்த மழை அது. சில நிமிடங்களில் அந்தப் பாறையே தெரியவில்லை. மறுநாள்தான் உடல் கிடைத்தது.

இப்போது எந்த ஊர்த் தண்ணீரில் இறங்கினாலும் அந்த ஊர்க்காரர்களிடம் கேட்காமல் இறங்குவதில்லை. படகுத்துறையில் காயல் கலங்கினால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறேன்.

அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை. மலையாளப் பள்ளியில் படித்த அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால்தான் இங்கே எழுத முடிந்தது.