மணிக்குள் சேராத பித்தளை

எங்கள் தீவுக் கோயிலுக்குப் புது மணி வார்த்த அன்று நான் போட்ட சத்தம் ஊருக்கே தெரியும். ஏன் போட்டேன் என்று யாருக்கும் தெரியாது.

ஊர்காவற்துறைக் கடலில் போய்த் திரும்பாத என் மகனுடைய, தனியே கரையொதுங்கிய படகைத் தள்ளும் பித்தளை விசிறியை, மணிக்கு உருக்கும் வெண்கலத்தோடு சேர்க்கக் கொண்டுபோனேன். வார்ப்பு வேலைக்கு வந்திருந்த பொறியியல் படித்த பிள்ளை தடுத்தாள். பித்தளையையும் சேர்த்துக் கணினியில் கணக்குப் பார்த்துவிட்டு, மணியின் படத்தைக் காட்டினாள். அதில் ஓரிடம் சிவந்திருந்தது.

“இதைக் கலந்தால் இந்த இடத்தில வெடிச்சுக் கீறல் விழும், அம்மா.”

“இன்னும் ஊத்தாத மணி வெடிக்கிறது உமக்குத் தெரியுதோ? என்ர பிள்ளையின்ர சாமான் உங்கட மணிக்கு ஆகாதோ?” என்று கத்தினேன்.

கோயில் மூப்பர் அவளை ஒதுக்கிக் கூட்டிப்போய்க் குசுகுசுத்தார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

“வாங்கி ஒளிச்சு வையும், பிள்ளை. போட்டாச்செண்டு சொல்லுவம். கிழவிக்கு என்ன விளங்கப்போகுது?”

“ஏலாது ஐயா. அம்மாவை ஏமாத்த நான் வரேல்லை.”

விசிறியைத் தூக்கிக்கொண்டு, மூப்பரை வாயில் வந்தபடி ஏசினேன். மகன் போன நாள் தொடக்கம் “வருவான், வருவான்” என்று இரக்கத்தில் பொய் சொன்ன எல்லாரையும் சேர்த்துத்தான் ஏசினேன். முகத்துக்கு நேரே உண்மை சொன்னவள் அந்தப் பிள்ளை ஒருத்திதான்.

மூப்பரோடு இன்றுவரை நான் கதைப்பதில்லை. அவள் தீவுக்கு வந்தால் என் வீட்டில்தான் சாப்பாடு.