முதலாளி சட்டையைக் கழற்றும் நேரம்

ரூபன் அண்ணா, நண்டு வாடியில் எனக்கு வேலை எடுத்துத் தந்தது நீங்கள். அந்த வாடியில் உங்களைப் பற்றிச் சொல்கிற பொய்யை இனியும் கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஏலாது.

1. வாடி

ஊர்காவற்றுறைக் கடற்கரையில் நண்டு வாங்கி ஏற்றுகிற கொட்டில்தான் எங்கள் வாடி. விடியவே நண்டு வந்துவிடும். பெண்கள் நாங்கள் நண்டின் கால் கட்டி, தரம் பிரித்து, ஐஸ் பெட்டியில் அடுக்குவோம். அண்ணா லொறியில் யாழ்ப்பாணம் ஏற்றுவார். முதலாளியின் வானை ஓட்டுகிற றைவரும் அவர்தான்.

முதலாளியிடம் ஒரு பிஸ்டல் இருந்தது. வீட்டில் வைத்திருக்கத்தான் லைசென்ஸ். அவரோ சட்டைக்குள் இடுப்பில் செருகிக்கொண்டு திரிவார். நண்டு நிறுக்கக் குனிந்தால் பின்பக்கம் புடைக்கும்.

"முதலாளிக்கு வால் முளைக்குதடி," என்பா கூட வேலை செய்த செல்வி அக்கா. வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

2. கோயில்

முதலாளி சைவம். கோயிலுக்குள் ஆம்பிளைகள் சட்டை கழற்றித்தான் போகவேண்டும். கழற்றினால் பிஸ்டல் தெரியும். நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள்; அண்ணா வெளியில் வானில்தான் இருப்பார். அதனால் முதலாளி வானுக்குள்ளேயே சட்டையைக் கழற்றி, பிஸ்டலை அதில் சுற்றி, அண்ணாவின் மடியில் வைத்துவிட்டுப் போவார்.

"குண்டைக் கழட்டிப்போட்டுத் தாங்கோ முதலாளி. பயமாக் கிடக்கு," என்பார் அண்ணா.

"பேசாம வைச்சிரடாப்பா. அது கடிக்காது."

அன்றைக்குப் புங்குடுதீவில் தேர். முதலாளியம்மாவுக்குச் சாமான் தூக்க என்னையும் கூட்டிப்போனார்கள். வாசலில் கொடுத்துவிட்டு வந்து வானின் பின் சீற்றில் இருந்தேன். சட்டைச் சுற்று அண்ணாவின் மடியில் கிடந்தது. முதலாளி வேர்க்க வேர்க்க வந்தார்.

"கெதியாத் தா, சனம் பாக்குது."

யன்னலால் கையை விட்டு, சட்டையோடு சேர்த்துப் பிடித்து இழுத்தார்.

"பொறுங்கோ முதலாளி, நான் எடுத்து..."

வெடித்தது. அண்ணா ஸ்ரேறிங்கில் சாய்ந்துவிட்டார்.

பொலிசுக்கு முதலாளி சொன்னது: "பெடியன் எடுத்து விளையாடினவன். எத்தினைதரம் சொன்னனான்." நான் கண்டதைச் சொன்னேன். தமையனுக்காகத் தங்கச்சி அப்படித்தான் சொல்வாள் என்றார்கள். வழக்கு தவணை தவணையாகப் போகிறது. ஊரில் அண்ணாவின் பெயர் 'துவக்கோட விளையாடிச் செத்தவன்'.

3. கூட்டம்

லைசென்ஸ்காரர் பிஸ்டலை மறைத்துக்கொண்டு வெளியில் திரியலாம் என்று சட்டத்தை மாற்றவேண்டும் என்று இப்போது ஒரு கதை. அதற்கு ஆதரவு கொடுக்க யாபாரிகள் எங்கள் வாடியில் கூடினார்கள். தேத்தண்ணி கொடுக்க என்னை விட்டார்கள். நான் அங்கேதான் இன்னும் வேலை செய்தேன். அம்மாவுக்குச் சோறு வேண்டுமே.

"இடுப்பில இருந்தா ஒருத்தருக்கும் ஆபத்தில்லை," என்றார் முதலாளி. "விசயம் தெரியாதவன் எடுத்தாத்தான் பிரச்சினை."

தட்டைக் கதிரையில் வைத்தேன்.

"சட்டம் மாறினாலும் கோயிலுக்குள்ள சட்டை கழட்டத்தானே வேணும், முதலாளி. இனி ஆரின்ர மடியில வைப்பியள்?"

காரைநகர் யாபாரி ஒருவர் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப பெடியன் தானா எடுக்கேல்லையோ? நீரோ குடுத்தனீர்?"

"இவளுக்கு விசர்," என்றார் முதலாளி.

"நான் உம்மையெல்லோ கேட்டனான்," என்றார் அவர்.

முதலாளி எழும்பி வெளியில் போனார். அடுத்த நாள் என்னை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினார்.

வேலைக்குப் போகிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்கிறேன். முதலாளிமார் மறைக்கிற சாமானை உங்கள் மடியில் வாங்காதீர்கள். ஏலாது என்று சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும். வெடித்தால் பழியும் உங்கள் மடியில்தான் விழும்.

சைவமோ வேதமோ, இதை வாசிக்கிற எல்லாரும் ரூபன் அண்ணாவுக்காக ஒருக்கால் மன்றாடுங்கள். அவர் விளையாடவில்லை என்று சொல்லி மன்றாடுங்கள்.